ஒரு கொட்டேஷன் சீட்டின் வரலாறு

சென்னை அண்ணா சாலையை ஒட்டியிருக்கும் ரிச்சி தெருவுக்கு, 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கணினி வாங்கச் சென்றவர்களுக்கு முதலில் கிடைத்தது கணினி அல்ல, ஒரு சீட்டு. கொட்டேஷன் என்று அதற்குப் பெயர். பிராசசர், மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், ஃபிளாப்பி டிரைவ், சிடி டிரைவ், எஸ்.எம்.பி.எஸ்.ஸுடன் கூடிய கேபினட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்று வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வரிகள் இருக்கும். கடைசி வரியில், நம் ஊரின் மின்வெட்டை மறக்காமல், ஒரு யு.பி.எஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடை ஏறினால் அங்கே இன்னொரு சீட்டு கிடைக்கும். மாலைக்குள் நாலைந்து சீட்டுகள் சேர்ந்துவிடும். வீட்டுக்குத் திரும்பி அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ராமில் கொஞ்சம் குறைத்து வன்தட்டில் கூட்டலாமா, மானிட்டரைச் சிறிதாக்கிச் செயலியை ஒரு படி ஏற்றலாமா என்று கணக்குப் போட்டவர்கள் நம்மில் பலர்.

அன்று நாம் இதை வெறும் கடைத்தெரு வழக்கமாகவே எடுத்துக்கொண்டோம். இப்போது திரும்பிப் பார்க்கையில், அந்தச் சீட்டு எவ்வளவு விசித்திரமான ஆவணம் என்று தோன்றுகிறது. குளிர்பதனப் பெட்டி வாங்கப் போகிறவர் கம்ப்ரசரை ஒரு நிறுவனத்திடமும் கதவை மற்றொரு நிறுவனத்திடமும் வாங்கிச் சேர்ப்பதில்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பன்னிரண்டு வரியில் விலைப்பட்டியல் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். கணினி மட்டும் எப்படி வரிவரியாகப் பிரிந்தது? யார் பிரித்தார்கள்? அந்தப் பிரிவு எத்தனை நாளைக்கு நீடிக்கும்? இக்கட்டுரையில் நாம் பார்க்க விரும்புவது இந்தக் கேள்விகளைத்தான்.

இலக்கணம் படித்தவர்களுக்கு இதை ஓர் எடுத்துக்காட்டால் எளிதில் விளக்கிவிடலாம். ஒரு சொல் தனியாக நிற்கும்வரை புணர்ச்சி விதி தேவையில்லை. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்கும் இடத்தில்தான் விதி வேண்டியிருக்கிறது. கணினியும் அப்படியே. ஒரே நிறுவனம் முழுவதையும் தன் கூரைக்குள் செய்தால் பாகங்கள் சந்திக்கும் இடம் அந்த நிறுவனத்தின் சொந்த விஷயம். எங்கோ செய்த பாகமும் வேறெங்கோ செய்த பாகமும் சந்திக்க வேண்டுமானால் அந்த இடத்துக்கு ஊரறிந்த விதி வேண்டும். வீட்டுக் கணினியின் வரலாறு பெரும்பாலும் இந்தச் சந்திப்பிடங்களின் வரலாறு என்றே சொல்லவேண்டும்.

1975 ஜனவரி மாதத்துப் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற கணினி இடம்பெற்றது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்து ஆல்புகர்க்கி நகரில் எட் ராபர்ட்ஸ் நடத்திய மிட்ஸ் என்ற சிறு நிறுவனம் அதைச் செய்தது. பிரித்த பாகங்களாக வாங்கினால் விலை 397 டாலர். பற்றவைப்பது வாங்குபவரின் பொறுப்பு. உள்ளே இண்டெலின் 8080 செயலி. நினைவகம் 256 பைட்டுகள். அதாவது இந்தப் பத்தியின் ஒரு பகுதியைக்கூட அதில் சேமிக்க முடியாது. விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முன்பக்கத்தில் சுவிட்சுகளும் விளக்குகளும் மட்டுமே. ஆனால் உள்ளே நூறு தொடர்முனைகள் கொண்ட பொருத்துவாய்கள் இருந்தன. மிட்ஸ் செய்து தந்த நினைவகப் பலகைகள் சரியாக வேலை செய்யவில்லை என்று குறைப்பட்டவர்கள் அதே பொருத்துவாயில் நுழையும் பலகைகளைத் தாங்களே செய்து விற்கத் தொடங்கினார்கள். எஸ்-100 என்று பிற்பாடு பெயர் பெற்ற அந்தப் பொருத்துவாய், தன்னைப் படைத்த நிறுவனத்தின் கைக்கு அடங்காமல் பொதுச்சொத்தாகிவிட்டது. வீட்டுக் கணினிக்கு உதிரிபாகச் சந்தை என்ற ஒன்று தோன்றியது இங்கேதான்.

ஆனால் ரிச்சி தெருச் சீட்டின் நேரடி மூதாதை ஆல்டேர் அல்ல. அது 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிமுகமான ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டர். ஃபுளோரிடாவின் போகா ரேட்டன் நகரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் ஒரு சிறு குழு ஏறக்குறைய ஓராண்டில் அதை முடித்தது. ஐ.பி.எம். போன்ற நிறுவனத்தில் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்ய முனைந்திருந்தால் அது நடக்காத காரியம். ஆகவே குழு கடைகளில் கிடைப்பதை எடுத்துக்கொண்டது. செயலி இண்டெலின் 8088, வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். இயங்குதளம் மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்தது. அதைப் பிறருக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. தாய்ப்பலகையில் ஐந்து பொருத்துவாய்கள். அவற்றுக்குப் பிற நிறுவனங்கள் பலகைகள் செய்யவேண்டும் என்பதற்காக மின்சுற்று வரைபடங்களும் பயாஸ் நிரலின் முழு வரிகளும் அடங்கிய தொழில்நுட்பக் கையேட்டை ஐ.பி.எம். அச்சிட்டு விற்றது.

இதைத் தாராள மனம் என்று எண்ணிவிடக் கூடாது. பயாஸ் என்பது கணினியை எழுப்பி, வன்பொருளுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே தூது நிற்கும் சிறு நிரல். அது இல்லாமல் மற்ற பாகங்கள் அனைத்தையும் சந்தையில் வாங்கிச் சேர்த்தாலும் கிடைப்பது ஐ.பி.எம். கணினியோடு ஒத்துப்போகும் கணினி அல்ல. அதன் வரிகள் கையேட்டில் இருந்தன. ஆனால் காப்புரிமையோடு இருந்தன. படிக்கலாம், நகலெடுக்கக் கூடாது. பார்க்கப்போனால் அச்சிட்டு வெளியிட்டது ஐ.பி.எம்.முக்கு ஒரு பாதுகாப்புமாகும். படித்த ஒருவர் பிறகு எழுதும் எந்த நிரலும் நகல் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகலாம் அல்லவா? சில்லில் பொதிந்த நிரலுக்கும் காப்புரிமை உண்டா என்ற ஐயமும் 1983இல் தீர்ந்தது. ஆப்பிளின் நிரலை அப்படியே எடுத்தாண்ட ஃபிராங்க்ளின் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், அதற்கும் காப்புரிமை உண்டு என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஃபிராங்க்ளினின் நகலில் ஆப்பிள் நிரலாளர் ஒருவரின் பெயர்கூட அழிக்கப்படாமல் இருந்தது என்பது அந்த வழக்கின் சுவையான செய்தி.

நகலெடுக்காமல் ஒத்துப்போகச் செய்வது எப்படி? 1982இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்திலிருந்து விலகிய ராட் கேனியன், ஜிம் ஹாரிஸ், பில் முர்டோ ஆகிய மூவர் ஹூஸ்டன் நகரில் தொடங்கிய காம்பேக் நிறுவனம் இதற்கு விடை கண்டது. வேலையை இரண்டு குழுக்களுக்குப் பிரித்தார்கள். ஒரு குழு ஐ.பி.எம். நிரலை ஆராய்ந்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதித்தரும். ஐ.பி.எம். வரிகளை ஒருபோதும் பார்த்திராத மற்றொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக நிரல் எழுதும். இரு குழுக்களுக்கும் இடையே நடந்ததெல்லாம் ஆவணமாக்கப்படும். 1982 நவம்பரில் அறிவிக்கப்பட்ட காம்பேக் போர்ட்டபிள் இப்படித்தான் பிறந்தது. அது விற்பனைக்கு வந்த முதல் ஆண்டில் காம்பேக் ஈட்டிய வருவாய் 11 கோடி டாலருக்கும் மேல்.

காம்பேக் தன் பயாஸைத் தனக்கென வைத்துக்கொண்டது. 1984இல் ஃபீனிக்ஸ் என்ற நிறுவனம் இதே முறையில் எழுதிய பயாஸை விலைக்குத் தர முன்வந்தது. பின்னர் அவார்டு, ஏ.எம்.ஐ. ஆகியவையும் சேர்ந்துகொண்டன. கணினியை இயக்கியவுடன் கறுப்புத் திரையில் இந்தப் பெயர்கள் மின்னி மறைவதைப் பார்த்திருப்போம். அந்த ஒரு நொடியை நாம் எவரும் பொருட்படுத்தியதில்லை. ஆனால் அந்தப் பெயர்கள் இல்லையென்றால் தைவானில் ஒரு சிறு தொழிற்சாலை தாய்ப்பலகை செய்திருக்க முடியாது. ரிச்சி தெருவின் சீட்டில் 'மதர்போர்டு' என்று தனியாக ஒரு வரி விழுந்திருக்கவும் முடியாது.

கைநழுவிய பொருளை ஐ.பி.எம். மீட்கப் பார்த்தது. 1987 ஏப்ரலில் வெளியான பி.எஸ்/2 கணினிகளில் பழைய பொருத்துவாயைக் கைவிட்டு மைக்ரோ சேனல் என்ற புதியதைக் கொண்டுவந்தது. தொழில்நுட்ப அளவில் அது மேலானதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அதைப் பயன்படுத்த ஐ.பி.எம்.முக்குக் கட்டணம் செலுத்தவேண்டும். 1988இல் காம்பேக், ஹெச்.பி., எப்சன், என்.இ.சி. உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் ஒன்றுகூடி, பழைய பலகைகளையும் ஏற்கும் ஈசா என்ற மாற்றை அறிவித்தன. ஈசா பெரிதாகப் பரவவில்லை. மைக்ரோ சேனலும் நிலைக்கவில்லை. இரண்டுக்கும் பின் இண்டெல் 1992இல் வெளியிட்ட பி.சி.ஐ.தான் நின்றது. எனினும், சந்திப்பிடத்தின் விதி ஒரு தனிச்சொத்தாகத் திரும்ப முடியாது என்பது அந்த ஆண்டுகளில் தெளிவாகிவிட்டது.

இவையெல்லாம் அமெரிக்கக் கதைகள். பாகங்கள் இங்கு வந்து சேர்ந்த கதையும் உண்டு. 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை இறக்குமதி விதிகளைத் தளர்த்தியது. 1991க்குப் பின் கதவு மேலும் திறந்தது. உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் 1997இல் இந்தியா இணைந்தபோது, கணினிப் பாகங்களின் சுங்கவரி படிப்படியாக நீங்கும் பாதை வகுக்கப்பட்டது. பாகங்கள் வந்து இறங்கிய இடங்கள் முற்றிலும் புதியவை அல்ல. ரிச்சி தெருவும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவும் அதற்கு முன்பே வானொலிப் பாகங்களுக்குப் பெயர் பெற்றவை. டோக்கியோவின் அகிஹபராவும் போருக்குப் பிந்தைய வானொலிப் பாகச் சந்தையாகத் தொடங்கியதுதான். கண்டென்சரையும் வால்வையும் எண்ணி விற்ற கைகளுக்கு ராம் குச்சியை விற்பது அந்நியமாக இருந்திராது. பற்றவைக்கும் கோலின் வாசனை ஏற்கெனவே இருந்த தெருவில்தான் கணினி குடிவந்தது.

இனிச் சீட்டின் வரிகளுக்கு வருவோம். ஒவ்வொரு வரியையும் தேர்ந்தெடுக்கையில் நாம் என்ன முடிவெடுத்தோம் என்பதை இன்று சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

முதல் வரி செயலி. ஐ.பி.எம். தன் கணினிக்கு 8088ஐத் தேர்ந்தபோது ஒரே நிறுவனத்தை நம்பியிருக்க விரும்பவில்லை. ஆகவே 1982இல் இண்டெலும் ஏ.எம்.டி.யும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. இண்டெலின் வடிவமைப்பில் ஏ.எம்.டி.யும் செயலி செய்யலாம் என்றாயிற்று. 386 வந்தபோது இண்டெல் பங்கிட மறுத்தது. ஏ.எம்.டி. 1991இல் தானே ஒரு 386ஐ வெளியிட்டது; வழக்குகள் 1995வரை நீண்டன. வெறும் எண்ணுக்கு வணிகக்குறி உரிமை கிடைக்காது என்று தெரிந்தபின் இண்டெல் 586 என்று பெயரிடாமல் 1993இல் பெண்டியம் என்றது. தொண்ணூறுகளின் நடுவில் சாக்கெட் 7 என்ற ஒரே பொருத்துவாயில் இண்டெல் பெண்டியமும், ஏ.எம்.டி. கே6ம், சைரிக்ஸ் 6x86ம் உட்கார்ந்தன. அதே பலகையை வைத்துக்கொண்டு செயலியை மட்டும் வேறு நிறுவனத்துக்கு மாற்றலாம். அப்படி ஒரு காலம் அதற்குப் பிறகு வரவில்லை. 1997 மே மாதம் பெண்டியம் II ஸ்லாட் 1 என்ற சொந்தப் பொருத்துவாயோடு வந்தது. 1999இல் ஏ.எம்.டி. ஆத்லானுக்குத் தனி ஸ்லாட் செய்துகொண்டது. அன்றுமுதல் செயலி வரியும் தாய்ப்பலகை வரியும் தனித்தனியே எழுதப்பட்டாலும் ஒன்றை எழுதியவுடன் மற்றொன்று பாதி முடிவாகிவிடும். சீட்டிலிருந்து ஒரு சுதந்திரம் ஓசையின்றிக் கழிந்துபோனது.

ஓசையோடு கிடைத்த சுதந்திரம் ஒன்றும் உண்டு. 1998 ஆகஸ்டில் இண்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவுச் செயலி 66 மெகாஹெர்ட்ஸ் தடத்தில் 4.5 மடங்காக 300 மெகாஹெர்ட்ஸில் ஓடவேண்டியது. தடத்தை 100 ஆக மாற்றினால் அதே 4.5 மடங்கு 450 ஆகிவிடும். சில்லின் உள்ளேயே முழு வேகத்தில் ஓடும் 128 கிலோபைட் இடைநினைவகம் இருந்ததால், பல மடங்கு விலையுள்ள பெண்டியம் II 450க்கு அது ஈடுகொடுத்தது. எல்லாச் சில்லுகளும் தாங்கா. ஆயினும் பல தாங்கின. மலிவாகவும் விலையுயர்வாகவும் விற்கப்படும் இரு பொருள்களுக்கு இடையே உள்ள வேறுபாடு சில சமயம் பெட்டியின்மேல் எழுதிய எண் மட்டுமே என்பதை ஒரு தலைமுறை அந்தச் செயலியில் கற்றுக்கொண்டது.

அடுத்தது ராம். இந்த வரியின் விலைதான் சீட்டில் அதிகம் துள்ளியது. 1993 ஜூலையில் ஜப்பானின் நீஹாமா நகரில் சுமிடோமோ கெமிக்கல் ஆலையில் ஒரு வெடிவிபத்து நேர்ந்தது. சில்லுகளுக்கு உறையிடும் பிசினில் உலகத் தேவையின் பெரும்பகுதி அந்த ஓர் ஆலையிலிருந்து வந்தது. நினைவக விலை உலகெங்கும் எகிறியது. 1999 செப்டம்பர் 21 அன்று தைவானில் பெரும் நிலநடுக்கம். சிஞ்சு நகரின் சில்லு ஆலைகள் நின்றன. மறுபடியும் அதே கதை. 2011இல் தாய்லாந்து வெள்ளத்தில் வன்தட்டு ஆலைகள் மூழ்கியபோது ராமின் இடத்தை வன்தட்டு எடுத்துக்கொண்டது. 'ஸ்டாக் இல்லை சார், அடுத்த வாரம் ரேட் ஏறிடும்' என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அதை வியாபாரத் தந்திரம் என்றே நாம் எடுத்துக்கொள்வோம். பல நேரம் அது உண்மை. பெயரே தெரியாத ஒரு ஊரின் துயரம் நம் சீட்டில் ஓர் எண்ணாக வந்து உட்கார்ந்திருந்தது.

ராம் வரியில் வாங்குவோரே வரலாற்றைத் திருப்பிய தருணமும் உண்டு. இண்டெல் 1999இலும் 2000இலும் ராம்பஸ் என்ற நிறுவனத்தின் நினைவகத்தை முன்னிறுத்தியது. 2000 நவம்பரில் வந்த முதல் பெண்டியம் 4 கணினிகள் அதை மட்டுமே ஏற்றன. விலை அதிகம், காலியான பொருத்துவாயைக்கூட ஒரு வெற்றுப் பலகையால் நிரப்பவேண்டும். வாங்குவோர் விலகி நின்றார்கள். மறு ஆண்டே இண்டெல் சாதாரண எஸ்.டி.ராமை ஏற்கும் சில்லுத்தொகுதியை வெளியிட வேண்டியதாயிற்று; பின் டி.டி.ஆர். வகை பொதுவழக்கானது. யாரும் கூட்டம் போடவில்லை, தீர்மானம் நிறைவேற்றவில்லை. எண்ணற்ற சீட்டுகளில் ஒரு வரி எழுதப்படாமல் விடப்பட்டது, அவ்வளவுதான்.

வன்தட்டு வரி வேறொரு பாடத்தைச் சொல்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரிய வன்தட்டு வாங்கி மாட்டியவர்கள், அதில் 528 மெகாபைட்டுக்குமேல் கணினிக்குத் தெரியவில்லை என்று திகைத்தார்கள். பழுது எதுவுமில்லை. பயாஸ் தன்னளவில் 1024 உருளைகள், 256 தலைகள், 63 பகுதிகள் என்று எண்ணக்கூடியது. ஒரு பகுதிக்கு 512 பைட் என்று பெருக்கினால் 8.4 ஜிகாபைட் வரும். ஐ.டி.இ. என்ற வன்தட்டு இணைப்பு தன்னளவில் 65,536 உருளைகள், 16 தலைகள், 255 பகுதிகள்வரை எண்ணும், அது 136.9 ஜிகாபைட். இரண்டும் கைகோக்கும்போது ஒவ்வொன்றிலும் சிறியதே செல்லும்: 1024 உருளைகள், 16 தலைகள், 63 பகுதிகள். பெருக்கிப் பார்த்தால் வெறும் 528 மெகாபைட். தனித்தனியே தாராளமான இரண்டு விதிகள் கூடும்போது கஞ்சத்தனம் பிறந்தது. பாகங்களைத் தேர்வதில் உள்ள முதல் அறிவு இதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. எந்தப் பாகம் சிறந்தது என்று கேட்பது அரைக் கேள்வி. எதனோடு சேரும்போது சிறந்தது என்பதே முழுக் கேள்வி.

கேபினட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சீட்டில் கீழே, ஒரே வரியில் கிடக்கும். பணம் குறைக்க நினைக்கும் எவரும் முதலில் கைவைப்பது அங்கேதான். பழைய ஏ.டி. வகைக் கணினிகளில் தாய்ப்பலகைக்கு மின்சாரம் இரண்டு இணைப்பிகள் வழியாகச் செல்லும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். கறுப்புக் கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து வரவேண்டும் என்பது மனப்பாடமாகக் கற்கவேண்டிய விதி. மாற்றிச் செருகினால் பலகை பாழாகிவிடும். இண்டெல் 1995இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். வரையறை இதற்கு முடிவு கட்டியது. ஒரே இணைப்பி, அதுவும் தவறாக நுழையாது. பலகையின் அளவு 305க்கு 244 மில்லிமீட்டர். திருகு எங்கே வரும், பின்பக்கத் துளைகள் எங்கே வரும் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டன. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே அளவில் பலகைகளும் பெட்டிகளும் விற்கின்றன. உள்ளே இருப்பவை பலமுறை மாறிவிட்டன, சட்டகம் மாறவில்லை. அந்த வரையறையைப் பற்றி இலக்கிய உலகில் எவரும் பேசியதில்லை என்றாலும், நம் காலத்தில் எழுதப்பட்ட பயனுள்ள உரைநடைகளில் அதுவும் ஒன்று.

கீழ் வரியை அலட்சியம் செய்ததற்கு விலையும் கொடுத்தோம். ஏறத்தாழ 1999 முதல் 2007வரை உலகெங்கும் தாய்ப்பலகைகளிலும் மின்வழங்கிகளிலும் கண்டென்சர்கள் உப்பி, கசிந்து, வெடித்தன. உள்ளிருந்த மின்பகு திரவத்தின் கலவைக் குறையே காரணம். பெயர் பெற்ற நிறுவனங்களின் முழுக் கணினிகளும் இதற்குத் தப்பவில்லை. ஆனால் உதிரியாகச் சேர்த்த கணினியில் உப்பிய கண்டென்சரைப் பிடுங்கிவிட்டு, அதே தெருவில் சில ரூபாய்க்குப் புதியது வாங்கிப் பற்றவைத்துக்கொள்ள முடிந்தது. அந்தத் தெருவின் பழைய தொழில் திரும்பக் கைகொடுத்தது.

சீட்டில் எழுதப்படாத வரி ஒன்றும் உண்டு. இயங்குதளம். தமிழ் வாசகர்களான நமக்கு அந்த வரி மற்றவர்களைவிடச் சற்று அதிகம் பொருட்டாயிற்று. விண்டோஸ் 98இல் இணையத்தில் தமிழ் படிக்க, டிஸ்கி, டாப், டாம் என்று ஒவ்வொரு குறியேற்றத்துக்கும் தனி எழுத்துரு வேண்டும். எழுத்துரு இல்லையெனில் கட்டுரைக்குப் பதில் ஐரோப்பியக் குறிகளின் குப்பைதான் தெரியும். யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தும், அதை இயல்பாகக் காட்டும் விண்டோஸ் 2000ஆம் ஆண்டில்தான் வந்தது. லதா எழுத்துரு அதனோடு வந்தது. அடுத்து 2001இல் எக்ஸ்.பி. அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட நினைவகம் 128 மெகாபைட். 98க்கோ 16 மெகாபைட் குறைந்தபட்சம் என்றிருந்தது. அந்த ஆண்டுகளில் ஒரு ராம் குச்சியைக் கூடுதலாக வாங்கிச் செருகியவர்களில் சிலருக்கேனும் காரணம் விளையாட்டல்ல. தன் மொழியைத் திரையில் சிதையாமல் பார்க்கும் ஆசை. முழுக் கணினியையும் மாற்ற வசதியில்லாதவர் ஒரு வரியை மட்டும் மாற்றித் தமிழுக்குள் நுழைய முடிந்தது. சீட்டு வரிவரியாகப் பிரிந்திருந்ததன் பொருள் இதுவே.

இனி, அந்தப் பிரிவு எத்தனை நாளைக்கு என்ற கேள்வி. 2008இல் வந்த மேக்புக் ஏர் மடிக்கணினியில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. அன்று அது விதிவிலக்கு. பின்னர் மெல்லிய மடிக்கணினிகளில் அதுவே பொதுவழக்காயிற்று. 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் செயலிக்கு மாறியபோது நினைவகம் செயலியின் உறைக்குள்ளேயே போய்விட்டது. வாங்கும் நாளில் எடுக்கும் முடிவே கடைசி முடிவு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்த பதிப்பு டி.பி.எம். 2.0வையும் குறிப்பிட்ட தலைமுறைச் செயலியையும் கேட்பதால், பழுதேதுமின்றி ஓடும் கணினிகள் பல விதிப்படி வயதாகிவிட்டன. 2025 டிசம்பரில், செயற்கை நுண்ணறிவு மையங்களின் நினைவகத் தேவை பெருகியதைக் காரணம் காட்டி, வீட்டு வாடிக்கையாளர்களுக்கான குரூசியல் என்ற நினைவக வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அறிவித்தது. முன்பெல்லாம் ராம் வரியின் விலைதான் ஏறி இறங்கியது. இப்போது விற்பவரே அந்த வரியை விட்டு எழுந்து போகிறார்.

இதைச் சதி என்று மட்டும் எழுதிவிட்டால் நேர்மையாகாது. நினைவகம் செயலிக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு வேகம், மின்செலவும் குறைவு. பழுதுபார்க்கத்தக்க மடிக்கணினி என்ற கொள்கைக்காகவே தொடங்கப்பட்ட ஃபிரேம்வொர்க் நிறுவனம்கூட, 2025இல் அறிவித்த மேசைக் கணினியில் நினைவகத்தைப் பற்றவைத்தே தர நேர்ந்தது; அந்த வேகத்தில் சமிக்ஞை பொருத்துவாயைத் தாண்டி ஒழுங்காகப் போகவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. இயற்பியல் ஒரு பக்கம் இழுக்கிறது, வாங்குவோரின் உரிமை மறுபக்கம் இழுக்கிறது. நியூயார்க் மாநிலம் 2022இல் கொண்டுவந்த பழுதுபார்ப்பு உரிமைச் சட்டமும், 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட நெறிமுறையும் அந்த இழுபறியின் அடையாளங்கள். இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் இதற்கென ஒரு குழுவை அமைத்தது.

ஆனால் நாம் பார்த்த வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. சந்திப்பிடங்கள் இயற்கையாகத் திறந்திருந்த காலம் எதுவுமில்லை. ஆல்டேரின் பொருத்துவாய் அடங்கா வாடிக்கையாளர்களால் திறந்தது. ஐ.பி.எம்.மின் பெட்டி அவசரத்தால் பாதியும், நகலெடுக்காமல் எழுதிய நிரலாளர்களின் பொறுமையால் மீதியும் திறந்தது. மைக்ரோ சேனல் ஒன்பது போட்டியாளர்கள் கூடியும், ராம்பஸ் வாங்குவோர் விலகியும் தடுக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் அந்த இடத்தைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. திறந்து வைப்பவர் இல்லாதபோது அது தானே மூடிக்கொள்கிறது.

வீட்டில் ஒரு பழைய பெட்டி கிடக்குமானால், தூக்கிப் போடுவதற்கு முன் பக்கத் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். தூசியை ஊதிவிட்டுப் பார்த்தால், வெவ்வேறு நாடுகளில் ஒருவரையொருவர் அறியாதவர்கள் செய்த பாகங்கள் ஒரு பலகையில் சண்டையின்றி அமர்ந்திருப்பது தெரியும். ஒன்றிரண்டு பொருத்துவாய்கள் காலியாக இருக்கும். பிற்பாடு எதையாவது சேர்த்துக்கொள்ளலாம் என்று அன்று நாம் விட்டுவைத்த இடம் அது. இன்று வாங்கும் பல கணினிகளில் அந்தக் காலி இடம்தான் இல்லை.